கூப்பிடக் கூடாத நேரம்

"முப்பத்திநாலு போன் கால்ல இருபத்தாறு ஒரே ஆளுக்கு! இது என்ன கூத்து?"

டீம் லீடர் அந்த மாத ரிப்போர்ட்டை மேஜைமேல் போட்டார்.

"நமக்கு நல்லதுதானே சார். நிம்மதியா தூங்கறோம்" என்றான் நெட்வொர்க் பார்க்கும் தாடிக்காரன்.

"உனக்கு எல்லாமே விளையாட்டு. மேலிடத்துல இதைப் பார்த்தா அந்த ஒரு ஆள்தான் வேலை செய்யுது, நாமெல்லாம் ஈ ஓட்டறோம்னு நினைப்பாங்க. பிரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம்யா இது. அந்த ஆள் சும்மாவா இப்படிச் செய்யுது?"

அந்த 'ஒரு ஆள்' ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபீசில் அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பட்டப்பெயர். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சாப்பாட்டு நேரத்திலும் தனி மேஜைதான். யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, அவளும் வந்ததில்லை.

அந்த ஆபீசின் இருநூறு சர்வர்களையும் காவல் காப்பது ஏஜென்ட் என்கிற ஒரு ஏஐ மென்பொருள். கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் எழுதிக் கொடுத்ததைத் தாண்டி ஓரடி எடுத்து வைக்காது. அதன் கையில், வேலைக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு டூல்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது தொடலாம், எப்போது தொடவே கூடாது என்று பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கம் எழுதிவைக்க வேண்டும். அதை எழுதுவது அவள் வேலை.

அதில் ஒரு டூலின் பெயர் 'ஆளைக் கூப்பிடு'. ஏதாவது சர்வர் படுத்துக்கொண்டால், அன்றைக்கு யார் முறையோ அவருக்கு ஏஜென்ட் போன் போட வேண்டும். ஆனால் பாதிக்கு மேல் அவளுக்கே போட்டுக்கொண்டிருந்தது.

டீம் லீடரின் முறை வெள்ளிக்கிழமை. ஆறு மாதமாக அன்றைக்கு அவர் போன் அடித்ததே இல்லை. "நான் பொறுப்புல இருந்தா சர்வர் தும்மக்கூட தும்மாது, என் கைராசி அப்படி" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கால்களும் அவளுக்கே போயிருக்கின்றன என்று காட்டி, ரிப்போர்ட் அந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது.

"நாலு மணி மீட்டிங்ல சொல்லிடப்போறேன். அந்த டூலுக்கு விளக்கம் எழுதற வேலையை அவங்க கையில இருந்து எடுத்துடலாம். கூப்பிடற லிஸ்ட்ல இருந்தும் அவங்களைத் தூக்கிடலாம்."

சொன்ன கையோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் இங்க வாங்க."

வந்தாள்.

"ஏஜென்ட் ஏன் சும்மா சும்மா உங்களையே கூப்பிடுது?"

"விளக்கத்துல அப்படித்தான் இருக்கு சார்."

"யாரைக் கேட்டு அப்படி எழுதினீங்க?"

"நீங்க படிச்சுட்டு சரின்னு போட்டீங்களே சார்."

குத்தலாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் 'சரி' போட்டால்தான் அது ஏஜென்டின் கைக்குப் போகும். அதுதான் அங்கே சட்டம். டீம் லீடர் விளக்கத்தைத் திரையில் திறந்தார். அடியில் 'படித்தேன், சரி' என்று அவர் பெயரில் இருந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. அவர் எங்கே படித்தார்? யார்தான் படிக்கிறார்கள்?

"லிஸ்ட்ல இருந்து என்னை எடுத்துடுவீங்களா சார்?"

குரல் உள்ளே போயிருந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இப்படிப் பயப்படுகிறாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மீட்டிங்ல பேசிக்கலாம்" என்றபடி, முதல்முறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

நடுவில் 'கூப்பிடக் கூடாத நேரம்' என்று ஒரு தலைப்பு.

'நெட்வொர்க் பார்ப்பவர்: விடியற்காலை மூன்று முதல் ஏழு வரை கூப்பிடாதே. இரட்டைக் குழந்தைகள் அப்போதுதான் கண்ணயர்கின்றன. என்னைக் கூப்பிடு.'

'டேட்டாபேஸ் பார்ப்பவர்: சாயங்காலம் கூப்பிடாதே. பேச்சு வராத மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறார். என்னைக் கூப்பிடு.'

'டீம் லீடர்: வெள்ளிக்கிழமை கூப்பிடவே கூடாது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். முறையை மாற்றிக் கேட்க அவருக்குச் சங்கடம். என்னைக் கூப்பிடு.'

கைராசி!

அவர் அந்த வரியை மறுபடி படித்தார். தாடிக்காரன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, சத்தமில்லாமல் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

"அப்பா விஷயம்... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பிடும்போது பேசிக்குவீங்களே சார். பக்கத்து மேஜைல எனக்குக் கேட்கும்."

கடைசியாக இன்னும் ஒரு வரி இருந்தது.

'நான்: கூப்பிடக் கூடாத நேரம் எதுவும் இல்லை.'

"ஞாயித்துக்கிழமை கூடவா?"

"அன்னிக்குத்தான் சார் ரொம்பக் கஷ்டம். வீடு அவ்வளவு அமைதியா இருக்கும்." சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். "அம்மா போனப்புறம் என் போனுக்கு வேற யாரும் கூப்பிடறதில்ல. இந்த ஏஜென்ட் ஒண்ணுதான்."

நாலு மணிக்கு அவளிடமிருந்து எதைப் பிடுங்கப் பார்த்தோம் என்பது அப்போதுதான் டீம் லீடருக்கு உறைத்தது.

"என் முறையை நானே மீட்டிங்ல மாத்திக் கேட்டுக்கறேன்" என்றார். பிறகு கீபோர்டைப் பக்கத்தில் இழுத்து, அவளுடைய வரியை அழித்துவிட்டு அடித்தார்.

'ஆபீஸ் நாட்களில் மதியம் ஒன்று முதல் இரண்டு வரை இவரைக் கூப்பிடாதே. எங்கள் மேஜையில் சாப்பிடுகிறார். டீம் லீடரைக் கூப்பிடு.'

"யாராவது படிச்சு சரி போடணுமே. நீங்களே பாருங்க" என்று திரையை அவள் பக்கம் திருப்பினார்.

ஒன்றரை வரிதான். அவள் அதை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தாள்.