ஸ்டேஷனில் இருந்த துப்பாக்கி

எழுபத்தோராம் வருஷத் தேர்தலுக்காக, சுப்பராயன் பன்றி விரட்ட வைத்திருந்த லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸார் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். அன்றிலிருந்து ஆரம்பாக்கத்தில் அவர் வயலில் அந்திதோறும் அதே துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. துப்பாக்கி கையில் இருந்தால் சத்தம் அடங்கிவிடும் என்று தேர்தல் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினார். குழல் சூடாக இருந்தது.

“இன்னா ஏட்டய்யா, கொதிக்குது?”

“பூட்டின ரூம்ல யாருய்யா சுடுவான்? எடுத்துக்கினு கெளம்பு!”

அன்று அந்தியில் கதவைத் தாழிட்டு, துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்தார். வயலில் வெடித்தது. அடுத்தது கொல்லையில்.

“கிட்ட வருதே, யாருய்யா அது?” மனைவி செண்பகம் அவர் தோளைப் பற்றிக்கொண்டாள்.

வாசலில் சுப்பராயனின் குரல் கேட்டது. “செண்பகம், பன்னிங்க ஓடிப்போச்சு. கதவத் தொற.”

செண்பகம் பக்கத்தில் இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். தோளை விட்டாள். மெல்ல நகர்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.