கூழைக்கடாவின் கொக்கி

"நான் செதுக்கின பறவை நேத்து நிஜமாவே ரத்தம் சிந்துச்சு."

பீடத்தின் முன்னால் நின்று, கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையோடு, தச்சர் இதைக் கூசாமல் சொன்னார்.

மாதா கோயில் கூட்டம் முழுவதும் அவருடைய மச்சானைத் திரும்பிப் பார்த்தது.

தச்சரின் வாய் சாதாரண வாய் அல்ல. இடி விழுந்த மரத்தை ஒரே மூச்சில் இழைத்து, அந்தச் சீவலில் ஊருக்கே மூன்று நாள் அடுப்பெரித்தவர் அவர். அவர் செய்த நாற்காலியில் உட்கார்ந்த கூனர் ஒருவர், எழுந்தபோது நிமிர்ந்துபோய்க் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டாராம்.

ஊரில் பாதி இதையெல்லாம் நம்பியது. மீதி நம்புவதுபோல் நடித்தது. இரண்டுக்கும் உடன்படாத ஒரே ஜீவன் தச்சர் மனைவியின் அண்ணன்.

மச்சான், மிருகக்காட்சிச் சாலையில் முப்பத்தொரு வருடம் பறவைகளுக்கு மீன் போட்டு ஓய்வு பெற்றவர்.

பசித்த குஞ்சுகளுக்காகத் தன் நெஞ்சைத் தானே கிழித்து ரத்தம் ஊட்டுமாம் கூழைக்கடா. அதனால் சிலுவையில் ரத்தம் சிந்தியவருக்கு அது அடையாளமாம். பாதிரியார் இப்படி விளக்கி, பீடத்துக்கு மரத்தில் ஒன்று செதுக்கும்படி தச்சரிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே மச்சான் மூக்கால் சிரித்தார்.

"அன்பாம் அன்பு! அதைப்போல ஒரு பெருந்தீனிப் பிண்டம் உண்டா? பெரிய குஞ்சு சின்னதைக் கொத்தியே கொல்லும். அம்மாக்காரி கொட்டாவி விட்டுக்கிட்டு நிப்பா. பையில இருக்கற மீனை நெஞ்சுல அழுத்தி வெளிய தள்ளுறதைப் பாத்து எவனோ ஏமாந்து அழுதிருக்கான்!"

அதோடு விட்டாரா? ஏழு மாதம் தினமும் பட்டறைக்குப் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பறவையைச் சுற்றி வந்தார். கழுத்து வாத்துக் கழுத்தாம். முகம் அப்படியே சம்பந்தியம்மாள் முகமாம்.

நேற்று, பறவையைப் பீடத்தில் ஏற்றப்போகிற நேரத்தில் கடைசிக் குறை வந்தது.

"மாப்ளே, அலகு நுனியில கொக்கி எங்க? கொக்கி இல்லாத கூழைக்கடாவை எந்த ஊர்ல பாத்தீங்க? இது நெஞ்சைக் கிழிக்காது, பேன்தான் பாக்கும்!"

தச்சர் ஆறங்குல ஆணி ஒன்றை வளைத்தார், அரத்தால் ராவினார், அலகு நுனியில் அறைந்தார்.

இன்று காலை கோயில் கதவைத் திறந்தபோது மரப்பறவையின் நெஞ்சில் சிவப்பு வழிந்து காய்ந்திருந்தது. எட்டு மணிக்குள் நூறு மெழுகுவத்தி. ஒன்பதுக்குள் யாருக்கோ முட்டிவலி பறந்துபோனது.

பாதிரியாருக்கு முகம் கொதித்தது.

"சாயத்தைப் பூசி அற்புதம் காட்டுறீங்களா? உண்மையைச் சொல்லலைன்னா பறவை விறகுக்குப் போகும். நீங்களும் இனிமே இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

"சாயம் இல்ல ஃபாதர். பறவைதான் சிந்துச்சு."

பாதிரியார் மச்சானிடம் திரும்பினார். "ஏத்தும்போது கூட இருந்தது நீங்க ஒருத்தர்தான். இவர் புளுகை நம்பாதவரும் நீங்கதான். சொல்லுங்க."

கூட்டம் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டது. ஏழு மாதத்துக் கேலியை இவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்.

மச்சான் பறவையைப் பார்த்தார். பிறகு, இந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை பூட்டியிருந்த அந்தச் சட்டையைப் பார்த்தார்.

வேண்டாம் என்பதுபோல் தச்சரின் தலை லேசாக அசைந்தது.

"ரத்தம் வந்தது நிஜம் ஃபாதர்," என்றார் மச்சான். "பறவையைத் தூக்கின கயிறு அறுந்துச்சு. நேர் கீழ நான்தான் நின்னேன், அண்ணாந்து கேலி பேசிக்கிட்டு. இந்த மனுஷன் குறுக்க பாஞ்சு பறவையை நெஞ்சோட வாங்கிட்டார். தும்மினாக்கூடப் புயல்னு பீத்திக்கிற ஆளு, இதை மட்டும் பறவை தலையில கட்டிட்டார்."

யாரும் சிரிக்கவில்லை.

"கொக்கி வைக்கச் சொன்னது நான்தான்."