ஹனோவர் வரை ஓர் ஓட்டம்

"மலர், அந்தக் கார்டைத் தா. திங்கட்கிழமை விடிய நாலு மணிக்கு நான் லொறி எடுக்கவேணும்."

"தாறன். முதல்ல உங்கட கண் வடிவாத் தெரியுதெண்டு காட்டுங்கோ."

ஜெயமலர் குசினிக்குள் நின்றபடியே சொன்னாள். அவள் ஒளித்து வைத்திருந்தது கணவர் சிறீதரனின் சாரதிக் கார்டு. பார்வைக்கு வங்கி அட்டை போலத்தான் இருக்கும். ஆனால் அதை லொறியில் உள்ள பதிவுக் கருவிக்குள் செருகாமல் பெரிய லொறியை எடுத்தால் பொலிஸ் சும்மா விடாது. சீனி வருத்தத்தால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, மார்ச் மாதம் ஒப்பரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றே, அவள் அதை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள்.

"டொக்டரே எல்லாம் சரியெண்டு சொல்லிப்போட்டார். நீ என்ன பெரிய டொக்டரே?"

"அவர் சொன்னதை ஆர் கேட்டது? டொக்டரிட்ட டேர்மினுக்குத் தனியப் போனீங்கள். கடிதம் எங்கையெண்டு கேட்டால், பிறகு அனுப்புவினமாம் எண்டுறீங்கள்."

"ஐஞ்சு மாசம், மலர். இந்த நாலு சுவருக்குள்ள இன்னும் ஒரு கிழமை குந்தியிருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

அந்தக் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் கூட இருந்தது. ஜெயமலருக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஆனாலும் கார்டை எடுக்கக் கை போகவில்லை. ரோட்டில் இவர் மட்டுமா போகிறார்? எத்தனை பேருடைய பிள்ளைகள் போகிறார்கள்!

மகள் சாரங்காதான் நடுவில் புகுந்தாள். "அம்மா, நான் ஒரு வழி சொல்லட்டே? நான் கேமில லொறி ஓடுறன். அப்பா பக்கத்தில இருந்து ரோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்லட்டும். ஹனோவர் போய்ச் சேருமட்டும் பிழை விடாமல் சொன்னாரெண்டால் கார்டைக் குடுங்கோ."

"ஓம், அது நல்லது," என்றார் சிறீதரன், உடனேயே.

சாரங்காவிடம் ஒரு கையடக்கக் கேம் கணினி இருந்தது. டிவிக்குக் கீழே உள்ள தாங்கியில் அதை வைத்தால் படம் பெரிய திரைக்குப் போகும். தூக்கினால் திரும்பவும் கைக்கு வந்துவிடும். டிவியின் சத்தம் காணாது என்று பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் கேம் கணினியோடு நேரே இணைத்து வைத்திருந்தாள். இந்த ஐந்து மாதமும் தகப்பனுக்கும் மகளுக்கும் பின்னேரப் பொழுது அந்த லொறிக் கேமில், அதே ஹனோவர் ஓட்டத்திலேயே போனது.

சிறீதரன் சோபாவின் கையைத் தடவிப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு நிதானம் வந்திருந்தது. எஞ்சின் உறுமத் தொடங்கியது.

"மெல்லப் போ பிள்ளை. இதில ரோட்டு வேலை நடக்குது. எண்பதுக்குக் குறை."

ஜெயமலர் கதவடியில் வந்து நின்று பார்த்தாள். திரையில் மஞ்சள் பலகைகள் வரிசையாக வந்தன.

"இப்ப பாலம் வருது. அது முடிய வலப்பக்கத்தில பெற்றோல் ஷெட்."

பாலம் வந்தது. பெற்றோல் ஷெட்டும் வந்தது. ஜெயமலருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய கண்ணுக்காக ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக அவள் நேர்ந்திருந்தாள். "அம்மாளாச்சி, நீ கைவிடயில்லை," என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

தண்ணீர் கொதிக்கும்போதும் அவருடைய குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"மழை பிடிச்சிட்டுது, வைப்பரைப் போடு... முன்னால போறவன் பிரேக் அடிக்கிறான், பார்த்து!"

"ம்."

"ஏன் பிள்ளை, குரல் ஒரு மாதிரிக் கிடக்குது?"

"ஒண்டுமில்லை அப்பா. தடிமன். நீங்கள் சொல்லுங்கோ."

"இனி வளைவு. இடப்பக்கம் காத்தாடிகள் நிக்குது பார், நாலு."

எவ்வளவு நாளைக்குப் பிறகு இந்த உற்சாகம்! ஜெயமலருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. கட்டின மனுசனை நம்பாமல் அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். வாளிக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கார்டை எடுத்தாள். சட்டை நுனியில் அரிசி மாவைத் துடைத்தாள். கார்டில் இருந்த படத்தில் சிறீதரன் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கோப்பைத் தேத்தண்ணி, பக்கத்தில் கார்டு. தட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஹோலுக்குள் காலை வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

டிவிக்குக் கீழே தாங்கி வெறுமையாகக் கிடந்தது. கேம் கணினி சாரங்காவின் மடியில் இருந்தது. சின்னத் திரையில் லொறியை ஓட்டிக்கொண்டே, இரண்டு கன்னமும் நனைய, தாயைப் பார்த்துப் பேசாதேயுங்கோ என்று தலையசைத்தாள்.

சிறீதரன் முன்னால் சரிந்து, அணைந்து கறுத்துப்போய்க் கிடந்த பெரிய டிவியை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மழை விட்டிட்டுது பிள்ளை. அந்தா, ஹனோவர் எண்டு எழுதின போர்ட் வடிவாத் தெரியுது. கொம்மாவைக் கார்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லு!"