முதல் பாதி

ஹட்டனில் பெண்களுக்குத் தற்காப்புக் கலை சொல்லித்தரும் யூஜினா, சுவரிலிருந்த கறுப்பு வெள்ளை வட்டத்தைத் தட்டினாள். "யின், யாங். வளைஞ்சு கொடுக்கிறது பாதி, திருப்பி அடிக்கிறது பாதி. நீங்க முதல் பாதியிலயே நிக்கிறீங்களே, செல்வமணி!"

தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வமணியின் கைகள் கன்றிப்போயிருந்தன. "எனக்கு அது போதுங்க மிஸ்."

"இப்படி அடிக்கிற மனுஷன் மேல இன்னுமா இரக்கம்?"

செல்வமணி சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள்.

வகுப்பு முடிந்தபோது அவள் புருஷன் குடையோடு வாசலில் நின்றான். யூஜினா நேரே அவனிடம் போனாள். "வெக்கமா இல்ல? அவங்க கையப் பாருங்க!"

அவன் தன் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துக் காட்டினான். அதே கன்றல்கள். பல் தடமும் இருந்தது.

"எங்க மகளுக்குப் பேச்சு வராதுங்க மிஸ். பயந்துட்டா அடிப்பா, கடிப்பா. வெளிய சொன்னா, விடுதியில விடுங்கன்னுதான் சொல்றாங்க. இங்க வந்த பொறகு இவ முன்ன மாதிரி அடிபடாம, புள்ளைக்கும் நோகாமப் பிடிச்சுக்கிறா." தயங்கினான். "எனக்கும் கத்துக்கணும். பொம்பளைங்க வகுப்புன்னு தெரியும்..."

யூஜினா கதவை அகலத் திறந்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. செல்வமணி சொல்லித்தருவாங்க. அந்தப் பாதி எனக்கு அவ்வளவா வராது."