வலையை வெட்டினவன்

இந்தக் காலத்துச் சனத்துக்கு இரக்கமே இல்லை. ஒருவனைக் கடலுக்குள் அமத்துகிறார்கள். பத்துப்பேர் கரையில் நின்று பாட்டுப் படிக்கிறார்கள். சல்லி ஊர்க் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தம்பையா சாரத்தோடு பாய்ந்தார். அமத்தியவரைத் தள்ளிவிட்டு, மற்றவனைக் கரைக்கு இழுத்துவந்தார்.

முகத்தைப் பார்த்தபிறகுதான் கவலைப்பட்டார். பக்கத்துவீட்டு யுகேந்திரன். போன வருசம் தன் வலையை வெட்டியவன் இவன்தான் என்று அவருக்குச் சந்தேகம். இவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"ஏன் அண்ணை தூக்கினீங்கள்?" யுகேந்திரன் இருமினான். "பாஸ்டர் எனக்கு ஞானஸ்நானமெல்லோ தந்தவர். பழைய யுகேந்திரன் தண்ணிக்குள்ள செத்து, புது மனிசன் எழும்பவேணும்."

தம்பையா யோசித்தார். "பழையவன் செத்திட்டானோ?"

"எங்க சாக விட்டனீங்கள்?"

"அப்ப திரும்பப் போ. பாஸ்டர், இந்தமுறை கொஞ்சம் கூடநேரம் அமத்துங்கோ."

மூழ்கி எழுந்த யுகேந்திரன் நேரே வந்து தம்பையாவின் கையைப் பிடித்தான். "அண்ணை, உங்கட வலையை வெட்டினது நான்தான். மன்னியுங்கோ."

தம்பையா கையை உதறினார். "வெட்டினவன் செத்திட்டான் எண்டுறாய். மன்னிப்புக் கேக்கிறவன் வெட்டேல்லை. அப்ப நான் ஆருக்கடா அடிக்கிறது?"

தம்பையா பாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் ஒருக்கா அமத்திப் பாருங்கோ, பழையவன் எழும்புறானோ எண்டு" என்று சொல்லிவிட்டு, ஈரச் சாரத்தைப் பிழிந்தபடி நடந்தார்.