கேக்கலையாம்!

"அத்தான், படம் ஓடுது… சத்தத்தைக் காணோமே?"

ஆபரேட்டர் நிமிர்ந்து, தலைக்கு மேலிருந்த குட்டி ஸ்பீக்கரைப் பார்த்தார். அது மூச்சு விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திரையில் கதாநாயகன் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"போச்சு! புது டிஜிட்டல் பெட்டி, முதல் காட்சி, ஹவுஸ்ஃபுல்! உங்கப்பா வந்து உக்காந்திருக்கிற அன்னிக்கா இது மக்கர் பண்ணணும்?"

மைத்துனனுக்கும் வியர்த்தது. அவன் அதே தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவன். செல்போனுக்குச் சார்ஜ் போட மேலே வந்தவன், அத்தான் படம் போடுகிற அழகைப் பார்க்க நின்றுவிட்டான்.

அவன் அப்பா, அதாவது ஆபரேட்டரின் மாமனார், முப்பது வருஷமாக மாவு மில் நடத்துகிறவர். மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவர் வீட்டுக்குள் இருமினால் அடுத்த தெருவில் ஜன்னல் சாத்துவார்கள்.

"பட்டனை அமுக்குறதெல்லாம் ஒரு வேலையா மாப்ளே? மில்லுக்கு வந்துடுங்க!" என்று கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரே பல்லவி.

ஆபரேட்டருக்கு இந்த அறைதான் உயிர். மாவைக் கண்டால் தும்மல். அதனால் நேற்று வீம்பாகச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு ஒரு காட்சி வந்து பாருங்க மாமா. பாத்துட்டு அப்புறமும் கூப்பிட்டா, மறு பேச்சு இல்லாம வந்துடுறேன்."

வந்துவிட்டார். ஐந்தாவது வரிசை, நடு சீட்.

"ஜனங்க கத்துறாங்களா அத்தான்?"

"இந்த ரெட்டைக் கண்ணாடியில, அங்கே இடி விழுந்தாலும் இங்கே கேக்காது. ஆனா எல்லாரும் சிவனேன்னு உக்காந்திருக்காங்க. நல்ல ஜனங்கப்பா! பொறுத்துப் போறாங்க."

ஆபரேட்டர் சத்தத்தின் குமிழை ஐந்திலிருந்து ஏழுக்குத் திருகினார். ஸ்பீக்கர் ஊமை. எட்டு. அதே ஊமை.

ஹாலில் நாலு தலைகள் திரும்பின. பிறகு நாற்பது. பிறகு வரிசை வரிசையாக எல்லாரும் அறையைப் பார்த்து, இரண்டு கைகளையும் காதில் வைத்துக் காட்டினார்கள்.

"கேக்கலையாம் அத்தான்!"

"அதைத்தானே நானும் சொல்றேன்! மெக்கானிக்குக்குப் போன் போடு!"

சார்ஜர் வயர் ஒரு முழம்தான். இருவரும் சுவரோரம் மண்டியிட்டு, போனைக் கும்பிடுகிற மாதிரி குனிந்தார்கள்.

"பெட்டியில என்ன லைட்டுங்க எரியுது?" என்றார் மெக்கானிக்.

"எல்லாம் பச்சை. சத்தம் காட்டுற முள்ளு மட்டும் சாமி வந்த மாதிரி ஆடுது!"

"அப்ப சத்தம் பெட்டியை விட்டுக் கிளம்பிடுச்சுங்க. எங்க போச்சுன்னுதான் தெரியல. பின்னாடி இருக்கிற கேபிளைப் பிடுங்கி மாட்டுங்க."

பிடுங்கினார். ஹாலில் எல்லாரும் காதிலிருந்து கையை எடுத்து, ஒரேயடியாகக் கை தட்டினார்கள்.

"கிண்டல் பண்றாங்க அத்தான்!"

ரோஷம் வந்துவிட்டது ஆபரேட்டருக்கு. கேபிளைத் திரும்ப மாட்டி, குமிழைப் பத்தில் வைத்தார். அதற்கு மேல் எண் இல்லை. இருந்திருந்தால் அதிலும் வைத்திருப்பார்.

தரை அதிர ஆரம்பித்தது. மேஜை மேலிருந்த டீ கிளாஸ் தானாகவே நடந்து விளிம்புவரை போய், எட்டிப் பார்த்து நின்றது.

"காலால உதைக்கிறாங்க அத்தான்! தியேட்டரையே பேத்துடுவாங்க போலிருக்கு!"

"உங்கப்பா என்ன பண்றார், பாரு!"

மைத்துனன் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான். "எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. அப்பா மட்டும் அசையல. உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கார்."

"சிரிக்காம? நாளைக்கே மாவு மூட்டையை என் தலையில ஏத்திடுவாரே!"

போனில் மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "ஏங்க, ஒரு சந்தேகம். சத்தம் இல்லைன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இதென்ன கேள்வி? தலைக்கு மேல குட்டி ஸ்பீக்கர் இருக்கே, அதுலதான்!"

"அதோட ப்ளக்கு மாட்டியிருக்கா?"

இருவர் கண்களும் ஸ்பீக்கரின் வயரைப் பிடித்துக்கொண்டு சுவர் வழியே இறங்கின. ப்ளக் தரையில் மல்லாந்து கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் செல்போன் சார்ஜர், வெகு சொகுசாக.

மைத்துனன் போய்க் கதவைத் திறந்தான்.

உள்ளே வந்தது வசனம் அல்ல, சரக்கு ரயில். ஆணியிலிருந்த காலண்டர் தாள் படபடத்து மூன்று மாதம் தள்ளிப் போய் நின்றது. மாடிப்படியில் பால்கனி ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு கீழே ஓட, அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரே ஒருவர் மட்டும் மேலே ஏறி வந்தார். மாமனார்தான்! ஆபரேட்டர் தாவிக் குமிழை இறக்குவதற்குள், வந்தவர் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மாப்ளே! மில்லு சத்தத்துல காது அடைச்சுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் ஒரு படம் முழுசா என் காதுல விழுது! மில்லாவது மண்ணாவது, நீங்க இங்கேயே இருங்க! அடுத்த காட்சிக்கும் எனக்கு ஒரு டிக்கெட் போடுங்க. அப்ப மட்டும் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏத்தி வைங்க!"