நூறு வீட்டுப் போர்வை

"கீழே வை! ஊசியைக் கீழே வைன்னு சொல்றேன்ல!"

"நூல் கோத்துக் கொடுக்கலாம்னுதான் எடுத்தேன், அத்தை."

"எதுக்கும் எடுக்கக் கூடாது. நிறை வயித்துக்காரி ஊசி பிடிச்சா அது பிள்ளையோட கண்ணுல போய்க் குத்தும். கத்தரிக்கோலைத் தொட்டா உதடு பிளந்து பிறக்கும். உன் அம்மா இருந்திருந்தா முதுகுல ரெண்டு போட்டிருப்பா."

லான்யிங் ஊசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, மேடிட்டிருந்த வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஹான் அத்தை செருப்பை உதறிவிட்டு, அடியில் நெருப்பு எரியும் கணப்பு மேடையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மேடை முழுவதும் துணித் துண்டுகள். பிறக்கப்போகும் குழந்தைக்காக ஊரில் வீடு வீடாகக் கேட்டு வாங்கியவை. நூறு வீட்டுத் துணியில் போர்த்தினால் நூறு வீட்டு ஆயுளும் குழந்தைக்கு வந்து சேரும். லான்யிங்கின் தங்கை சுன்யான் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ஒட்டியிருந்த சிவப்புக் காகித மீன்களும், வெந்து ஆறிக்கொண்டிருந்த புத்தாண்டு மாவு முயல்களும், சுவரோரம் வைத்திருந்த புலித்தலைக் குட்டிச் செருப்புகளும் அவள் கைவேலைதான்.

"இந்தா, என் பேரனோட கால்சட்டைத் துணி. அவன் சளி பிடிக்காத பயல். நடுவுல வெச்சுத் தை," என்றாள் அத்தை. போர்வையின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். "இதென்ன, அப்பளமா? போன சந்தையில கட்டுக் கட்டா பஞ்சு வாங்கிட்டுப் போனியே, எல்லாத்தையும் எலி தின்னுடுச்சா?"

"கனமா இருந்தா குழந்தைக்கு மூச்சு முட்டும்னு சொன்னாங்க அத்தை," என்றாள் லான்யிங்.

"யாரு சொன்னது? டிவியிலயா?" அத்தை சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினாள். "சரி, சீக்கிரம் முடிங்க. வருஷம் பிறந்துட்டா அஞ்சு நாளைக்கு எந்த வீட்டுலயும் ஊசி எடுக்கக் கூடாது. உன் மாமியார் எப்ப வர்றா?"

"ரெண்டாம் நாள்."

"வரட்டும். முட்டையிடாத கோழின்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சாளே. மகனுக்கு வேற பொண்ணு பாத்துட்டேன்னு என்கிட்டயே சொன்னா. இப்ப வந்து இந்த வயித்தைப் பாக்கட்டும். இனி உன்னை இந்த வீட்டை விட்டு அனுப்ப ஒருத்தியாலயும் முடியாது." அத்தை கையை நீட்டினாள். "எங்கே, தொட்டுப் பாக்கறேன்."

லான்யிங் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "இப்பத்தான் உதைச்சு அடங்குச்சு அத்தை. எழுப்பிடாதீங்க."

"ரொம்பத்தான்! தொடாமலே சொல்வேன், முன்னால கூம்பியிருக்கு. ஆம்பளைப் பிள்ளைதான். என் கணக்கு தப்பவே தப்பாது."

அத்தையின் கண் சுன்யான் பக்கம் திரும்பியது.

"நீ என்னடி, மேடை இப்படிக் கொதிக்குது, கோட்டைக் கழட்டாம உட்கார்ந்திருக்கே? பேச்சும் இல்லை. தெற்கே பேக்டரியில நாக்கையும் சேர்த்துத் தைச்சு அனுப்பிட்டாங்களா?"

"நாலு வருஷம் குவாங்டாங் வெயில்ல இருந்தவ அத்தை," என்றாள் லான்யிங். "நம்ம குளிர் அவளுக்குத் தாங்கல."

"வர்ற வருஷம் இவளுக்கு நான் மாப்பிள்ளை பாக்கறேன். பிரசவத்துக்கு உன்கூடப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வர்றாளாமே? நல்லது, பாத்துக் கத்துக்கட்டும்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "வாங் வீட்டு மருமக கதை தெரியும்ல? எட்டாம் மாசத்துல உட்கார்ந்து செருப்பு தைச்சா. பிறந்த குழந்தைக்கு ஒரு கண்ணு வெள்ளையா இருக்கு. பட்டணத்து டாக்டர் வேற என்னவோ பேர் சொன்னானாம். ஊசின்னு எனக்குத் தெரியாதா?"

சுன்யானின் ஊசி பாதித் துணியில் நின்றது. பிறகு மறுபக்கம் வந்தது.

"அதான் சொல்றேன், எல்லாத்தையும் சின்னவளே தைக்கட்டும். கல்யாணமாகாத பொண்ணு, அவளுக்கென்ன பயம்?" இரண்டு மாவு முயல்களை மடியில் போட்டுக்கொண்டு அத்தை கிளம்பினாள்.

லான்யிங் வாசல்வரை போய், பனியில் அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை நின்றாள். கதவைத் தாழிட்டாள். திரும்பி வந்து மேடையில் உட்கார்ந்து, சட்டைக்குள் கைவிட்டு நாடாவை அவிழ்த்தாள். உருண்டையாகத் தைத்த பஞ்சுப் பொதி ஒன்றை உருவித் துணித் துண்டுகளுக்கு நடுவில் வைத்தாள்.

"ஒரே அரிப்பு," என்றாள், வெறும் வயிற்றைச் சொறிந்தபடி. "மாமியார் வரும்போது இன்னும் கொஞ்சம் பெரிசா தெரியணும். ரெண்டு பிடி பஞ்சு சேர்த்துத் தைச்சுக் குடு."

சுன்யான் பொதியைப் பார்த்தாள். தெற்கிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை; அழுததும் இல்லை. அக்கா செய் என்றதைச் செய்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள்.

இப்போது ஊசியைப் போர்வையின் ஓரத்தில் குத்தி, அக்காவின் பக்கம் தள்ளி வைத்தாள். இரண்டு கைகளையும் கோட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

"என் குழந்தைக்குக் கண்ணு நல்லா இருக்கணும்க்கா... மிச்சத்தை நீ தைக்கிறியா?"